எந்த ஹவுஸ் என்று முதலில் கேளுங்கள்

போன இதழில் 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' பற்றி நாலு வரி எழுதினேன். சீட்டுக்களை அடுக்கிக் கட்டும் வீடு, ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும், அப்படி நிற்கிற திட்டத்தையோ கம்பனியையோ ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள் என்று. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றித்தான். வீட்டுத்திட்டம் வந்த நாளில் இருந்து நம் ஊர்களில் நாலு பேர் கூடினால் கல், மணல், சீமெந்துக் கதைதானே, அதனால் ஆச்சரியமில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஒரு இசை நிகழ்ச்சியைப் பற்றிய செய்தியில் பாடகி 'புரோட் த ஹவுஸ் டவுன்' என்று போட்டிருந்தார்கள். மண்டபம் இடிந்ததா என்று தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு செய்தியும் இல்லை. என்ன அர்த்தம்?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

மண்டபம் பத்திரமாக இருக்கிறது தங்கச்சி, கைதட்டலில் அதிர்ந்தது, அவ்வளவுதான். இங்கே ஹவுஸ் என்பது குடியிருக்கிற வீடு அல்ல, நாடகக் கொட்டகையும் அதற்குள் இருக்கிற சனமும். உங்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தியேட்டர் வாசலில் 'ஹவுஸ்புல்' பலகை தொங்கினால் எந்த வீடு நிரம்பியது என்று யாராவது கேட்கிறோமா?

ஆங்கில வீட்டுத் தொடர்களில் பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது. நாடகக்காரருக்கு ஹவுஸ் என்றால் கொட்டகை, மதுக்கடைக்காரருக்குக் கடை, அரசியல்வாதிக்குப் பாராளுமன்றம். உங்கள் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கிறதே, அந்த இல்லத்தில் யார் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்? இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் நிஜமாகவே தனித்தனி வீடுகளில் தங்கினார்கள், ஒரு வீட்டுப் பிள்ளைகள் மற்ற வீட்டுப் பிள்ளைகளோடு போட்டி போட்டார்கள். அந்த முறை இங்கே வந்தபோது கட்டடம் வரவில்லை, பெயரும் கொடியின் நிறமும்தான் வந்தது. ஆகவே ஒரு தொடரில் ஹவுஸ் கண்டால், எந்த ஹவுஸ் என்று முதலில் கேளுங்கள். பாதி அர்த்தம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் 'ஒன் த ஹவுஸ்' என்று சொல்வார்களாமே?
– மாங்குளம் வாசகர்

காசு வேண்டாம், கடைக் கணக்கில் போகட்டும் என்று அர்த்தம். மேலே சொன்ன மதுக்கடை ஹவுஸ் இதுதான். ஆனால் அதைச் சொல்லவேண்டியது கடைக்காரர். நீங்களாகப் போய்ச் சொன்னால் அர்த்தம் வேறு மாதிரிப் போய்விடும்.

'சேஃப் அஸ் ஹவுசஸ்' என்று ஒன்று படித்தேன். வீடு மாதிரிப் பாதுகாப்பானதாம். இதைச் சொன்னவர் வன்னிப் பக்கம் வந்ததில்லைப் போல.
– புதுக்குடியிருப்பு வாசகர்

வரவில்லை ஐயா. அவர் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், அவருடைய பயம் ஷெல்லும் இல்லை, கிபிர் விமானமும் இல்லை, காசு. 1840களில் அங்கே ரயில் கம்பனிப் பங்குகளில் சனம் விசர் பிடித்த மாதிரிப் பணத்தைக் கொட்டியது. அனுமதி எடுத்த பாதைகளில் பல கடைசிவரை போடப்படவே இல்லை, நிறையக் குடும்பங்கள் கையைச் சுட்டுக்கொண்டன. அப்போதுதான் வீட்டில் காசைப் போட்டால் வாடகையாவது வரும் என்ற நினைப்பு வலுத்தது, அதோடு இந்தத் தொடரும் பரவியது என்று ஒரு விளக்கம் உண்டு. இன்றைக்கும் முதலீடு, உத்தியோகம் மாதிரியான விஷயங்களுக்குத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

வீட்டு விலை விழாது என்ற அதே நம்பிக்கையில் அமெரிக்க வங்கிகள் கண்டவருக்கெல்லாம் வீட்டுக் கடன் கொடுத்து, 2008இல் பெரிய பெரிய நிறுவனங்களே கவிழ்ந்தன. அதே 2008இல் இங்கே நாங்கள் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனோம், ஒரு இடத்தில் இறக்கிப் பூட்டி, மறுபடி கழற்றி, மறுபடி ஏற்றி, கடைசியில் தகரத்தையும் விட்டுவிட்டுத் தறப்பாளோடு. உங்கள் நக்கல் நியாயமானதுதான். ஆனால் சோதனையில் வந்தால் 'மிகவும் பாதுகாப்பான' என்றே எழுதுங்கள், விடைத்தாள் திருத்துபவர் நம் கதையைக் கேட்கமாட்டார்.

'அன் இங்கிலிஷ்மன்ஸ் ஹோம் இஸ் ஹிஸ் காசில்', ஆங்கிலேயனுக்கு அவன் வீடு கோட்டை. இது வெறும் பழமொழியா, சட்டமா?
– மல்லாவி வாசகி

இரண்டும். எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

1604இல் லண்டனில் தீர்க்கப்பட்ட 'செமெய்ன் வழக்கு' என்று ஒன்று உண்டு. இறந்துபோன ஒருவர் செமெய்னுக்குக் கடன் வைத்திருந்தார், அவருடைய பொருட்கள் அவரோடு கூட இருந்தவரின் வீட்டுக்குள் இருந்தன. அவற்றை எடுக்க அதிகாரிகள் வந்தபோது அந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டார். சாத்தினது சரியா பிழையா என்பதுதான் வழக்கு. சரி என்று முடிந்தது. அந்தத் தீர்ப்பைப் பதிவு செய்த எட்வர்ட் கோக் என்ற சட்ட அறிஞர், ஒவ்வொருவருக்கும் அவருடைய வீடு கோட்டையும் அரணும் போன்றது என்று எழுதிவைத்தார். தனியார் கடனுக்காகக் கதவை உடைக்கக் கூடாது. அரசர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் உடைக்கலாம், ஆனால் அதற்கும் முதலில் வந்த காரணத்தைச் சொல்லவேண்டும், கதவைத் திறக்கும்படி கேட்கவேண்டும். ஆகவே கோட்டை என்றாலும் முழுக்கோட்டை இல்லை, தட்டிவிட்டு வரவேண்டிய கோட்டை.

அதற்கும் நூற்றைம்பது வருடம் கழித்து, 1763இல், ஆப்பிள் பழத்தில் வடிக்கிற சைடர் என்ற பானத்துக்கு வரி போட்டார்கள். வரி அதிகாரி வீட்டுக்குள் நுழைந்து சோதிக்கலாம் என்று வந்ததும் பெரிய எதிர்ப்பு. அப்போது மூத்த வில்லியம் பிற் பாராளுமன்றத்தில் பேசியதாகச் சொல்லப்படும் பேச்சைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பரம ஏழை கூடத் தன் குடிசைக்குள் இருந்துகொண்டு அரசரின் முழுப் படையையும் எதிர்த்து நிற்கலாம். குடிசை பலமில்லாததாக இருக்கலாம், கூரை ஆடலாம், காற்று உள்ளே வீசலாம், புயல் நுழையலாம், மழை நுழையலாம், ஆனால் இங்கிலாந்து அரசர் நுழைய முடியாது. இதுதான் அவர் பேச்சின் சாரம்.

மாரி மழைக்குச் சட்டி பானையை ஒழுக்குக்கு நேரே வைத்துவிட்டு மூலையில் ஒதுங்கிப் படுத்தவர்களுக்கு இந்தப் பேச்சின் ருசி நன்றாகப் பிடிபடும். மாளிகைக்காரருக்கு மதில் இருக்கிறது, காவலாளி இருக்கிறார், அவருக்கு இந்தத் தொடர் தேவையே இல்லை. நடு இரவில் கதவு தட்டப்படுவது என்றால் என்ன என்று தெரிந்த ஊர்க்காரர் இதைச் சும்மா இலக்கணப் பயிற்சியாக வாசிக்க முடியாது. இங்கிலாந்தில் இப்போது இந்தத் தொடரின் மவுசு கொஞ்சம் குறைந்துவிட்டது, என் வீட்டில் என் இஷ்டம் என்று அடுத்த வீட்டாரோடு வேலிச் சண்டை பிடிக்கும்போதும் இதைத்தான் இழுக்கிறார்கள்.

நானும் என் சிநேகிதியும் 'கெட் ஒன் லைக் எ ஹவுஸ் ஒன் ஃபயர்' என்று கட்டுரையில் எழுதினேன். சண்டை பிடித்தீர்களா என்று ரியூசன் ஆசிரியர் சிவப்பால் வெட்டிவிட்டார்.
– பரந்தன் மாணவி

நீங்கள் எழுதியது சரி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் தீப்பற்றிய வீடு மாதிரி, ஆனால் சட்டென்று ஒட்டிக்கொண்டார்கள், நல்ல சிநேகம் என்று அர்த்தம். அழிவைப் பார்க்காமல் வேகத்தைப் பாருங்கள். ஆங்கிலேயரின் பழைய வீடுகளும் வைக்கோல் வேய்ந்தவைதான், கிடுகுக் கூரையில் நெருப்புப் பிடித்தால் எத்தனை நிமிடம் என்று உங்கள் அம்மம்மாவைக் கேளுங்கள். ஆசிரியரோடு வாதாட வேண்டாம், அகராதியைக் காட்டுங்கள்.

வட்ஸ்அப்பில் வந்த செய்தி: பழைய காலத்து ஆங்கிலேயர் வீட்டில் கூரைமேல் நாயும் பூனையும் படுத்திருக்குமாம், மழைக்கு வழுக்கி விழுமாம், கொட்டும் மழைக்குச் சொல்கிற 'ரெயினிங் கற்ஸ் அண்ட் டோக்ஸ்' அதுதானாம். தரையில் போட்ட வைக்கோல் வெளியே போகாமல் வாசலில் மறித்த கட்டைதான் 'த்ரெஷோல்ட்', அதாவது வாசற்படி. உண்மையா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

இல்லை. இது வட்ஸ்அப்புக்கு முந்திய புளுகு, 1500களில் வாழ்க்கை எப்படி இருந்தது என்ற பெயரில் 1999இலேயே மின்னஞ்சலில் சுற்றியது. கொட்டும் மழையில் எந்த நாயாவது கூரை உச்சியில் ஏறிப் படுக்குமா? நம் நாய்கள் அடுப்படிச் சாம்பலை விட்டு எழும்பாது.

வாசற்படியின் கதை அதைவிட நல்லது, பொய் சொல்லவே தேவையில்லை. அந்தச் சொல்லின் முன்பாதி, சூடடிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'த்ரெஷ்' என்ற சொல்தான். ஆனால் அதன் ஆதிப் பொருள் அடிப்பது அல்ல, காலால் மிதிப்பது. நெல் விளைகிற வன்னிக்கு இதை விளக்கவா வேண்டும்? இப்போது மெசின் வயலுக்குள் இறங்கி மூட்டையாகவே தந்துவிடுகிறது, ஆனால் எருமைகளை வளையவிட்டுச் சூடு மிதித்த காலத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அடிப்பதும் மிதிப்பதும் ஒரே வேலைதான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக வாசற்படி என்பது கால் மிதிபடுகிற இடம், வைக்கோலை மறிக்கிற இடம் இல்லை. சொல்லின் பின்பாதி எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களுக்குள் இன்னும் முடிவில்லை, அந்த இடைவெளிக்குள்தான் இப்படியான கதைகள் புகுந்துவிடுகின்றன. நாங்களோ வாசற்படியை மிதிக்காதே, தாண்டிப் போ என்று பிள்ளைகளை அதட்டுகிறோம்.

'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?
– நெடுங்கேணி வாசகி

'ஸ்கெலிற்றன் இன் த கபேர்ட்' என்பதைக் கொண்டுவந்து பொருத்துவார்கள், அலுமாரிக்குள் எலும்புக்கூடு. அமெரிக்கர் அலுமாரிக்குப் பதில் 'குளோசற்' என்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அவர்களுடையது மறைத்து வைத்த குடும்ப இரகசியம், வெளியே வந்தால் மானம் போகும். நம்முடையது எல்லா வீட்டிலும் இருக்கிற பிரச்சினைதானே, விடு என்கிற ஆறுதல். ஆளைத் தேற்றப்போய் எலும்புக்கூட்டைச் சொன்னால் அவர் இன்னும் பயந்துவிடுவார்.

'புட் யுவர் ஹவுஸ் இன் ஓர்டர்' என்றால் வீட்டைத் துப்புரவாக்கச் சொல்வதா?
– முல்லைத்தீவு வாசகர்

உன் காரியங்களை ஒழுங்கு செய் என்பது. பைபிளில் நோயில் கிடந்த எசேக்கியா அரசரிடம் ஏசாயா தீர்க்கதரிசி, நீர் சாகப்போகிறீர், வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும் என்கிறார், அங்கிருந்து வந்தது. இப்போது ஊழல் பிடித்த கட்சிக்கும் கணக்குக் குழம்பிய சங்கத்துக்கும் சொல்கிறார்கள். (எசேக்கியா பிறகு பிழைத்து இன்னும் 15 வருடம் இருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்' என்பதை லண்டனில் உள்ள பேரனுக்கு எப்படிச் சொல்வது? கடைசிக் கட்டக் காசும் முடிந்தது, கூரை இன்னும் போடவில்லை.
– துணுக்காய் வாசகர்

கலியாணத்தையும் வீட்டையும் ஒரே மூச்சில் சேர்த்த ஆங்கிலப் பழமொழி நான் கண்டதில்லை. வீட்டுக்கு மட்டும் ஒன்று இருக்கிறது: 'ஃபூல்ஸ் பில்ட் ஹவுசஸ் அண்ட் வைஸ் மென் லிவ் இன் தெம்'. முட்டாள் வீட்டைக் கட்டுகிறான், புத்திசாலி அதில் குடியிருக்கிறான். கட்டுகிறவன் காசெல்லாம் கரைந்து கடைசியில் விற்றுவிடுவான் என்பது உள்ளர்த்தம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டம் கட்டமாகக் கிடைத்த 550,000 ரூபாயோடு தொடங்கி, மிச்சத்துக்கு நகையை அடைவு வைத்தவர்களைக் கேட்டால் அது சரிதான் என்பார்கள், ஆனால் முட்டாள் என்ற பகுதியை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், நானும் ஒப்புக்கொள்ளவில்லை. பேரனுக்கு இந்தப் பழமொழியைச் சொல்லுங்கள், அதோடு சீற்று இப்போது என்ன விலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாரிக்கு முதல் கூரை போட்டுவிடலாம்.