ஒரு நிறைப் பிரிவுக்கு ஒரே ஓர் இடம்: மல்யுத்த மாணவனின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

போன செவ்வாய்க்கிழமை மகனோடு திருகோணமலை உவர்மலைக்கு வந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் வருகிறார்கள். அதனால் பெயர் சொல்லாமல் இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

"இவனும் நன்றாகத்தான் பிடிக்கிறான். பாடசாலையிலிருந்து போட்டிக்கு ஒரே நிறையில் இரண்டு பேரை அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டீர்கள். நியாயமான ஆதங்கம். ஆனால் ஒரு நிறைப் பிரிவுக்கு ஒருவர்தான் என்ற இந்தக் கட்டுப்பாடு உங்கள் மகனுக்காக யாரும் புதிதாகப் போட்டதல்ல. ஒலிம்பிக்கிலும் உலக வல்லவர் போட்டியிலும் ஒரு நாட்டுக்கு ஒரு நிறைப் பிரிவில் ஒரே ஓர் இடம்தான். அமெரிக்காவில் இரண்டு பாடசாலைகள் நேருக்கு நேர் மோதும்போதும் ஒரு நிறைக்கு ஒருவரே மெத்தையில் ஏறுவார். நான்கு நல்ல வீரர்கள் உள்ள பாடசாலை ஒரே பிரிவை நிரப்பிவிட்டால், ஒரே ஒரு பிள்ளையைத் தயார்படுத்திய சிறிய பாடசாலைக்கு அங்கே என்ன வேலை? புள்ளிக் கணக்கும் சாய்ந்துவிடும். அதனால்தான் அங்கெல்லாம் உண்மையான போட்டி பாடசாலைக்குள்ளேயே, தெரிவு ஆட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

எனக்குக் கவலை தந்தது வேறொன்று. மகனுக்குத் தேநீர் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். உதடு வெடித்திருந்தது. 64 கிலோ இருக்கிறானாம். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைத்துக் கீழ்ப் பிரிவில் இறங்கப் போகிறானாம். மதிய வெயிலில் தடித்த மேற்சட்டையோடு உப்புவெளிக் கடற்கரையில் ஓடுவதை அவன் பெருமையாகச் சொன்னான். அதைக் கேட்டபோது என் வயிறு கலங்கியது.

2024 ஓகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நேர்ந்ததை அவனுக்குச் சொல்லுங்கள். அவருக்குப் பழகிய பிரிவு 53 கிலோ. அந்தப் பிரிவில் இந்தியாவுக்கான ஒலிம்பிக் இடத்தை வென்று கொடுத்தவர் இன்னொருவர். அதனால் வினேஷ் 50 கிலோவுக்கு இறங்கினார். இறுதிப் போட்டி வரை வென்று வந்தார். இறுதிப் போட்டி நாளன்று காலை நிறை பார்த்தபோது ஏறத்தாழ 100 கிராம் கூடியிருந்தது. இரவெல்லாம் உடலை வருத்தி, முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் இறங்கவில்லை. பதக்கம் இல்லாமல் திரும்பினார். மருத்துவர்களும் பயிற்றுநர்களும் சூழ இருந்த உலக வீராங்கனைக்கே இந்த நிலை.

அதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அவசர அவசரமாக நிறை குறைக்கப் போய் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. இன்று அங்கு பாடசாலை மாணவன் வாரத்துக்குத் தன் நிறையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. 64 கிலோப் பிள்ளைக்கு அது ஒரு கிலோகூட வராது. உங்கள் மகனின் ஐந்து கிலோவுக்கு அந்தக் கணக்கில் ஐந்து வாரத்துக்கு மேல் வேண்டும். வளர்கிற வயதில் அதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் உடற்கல்வி ஆசிரியரிடம் போட்டி பற்றிய இவ்வாண்டுச் சுற்றுநிருபத்தைக் கேட்டு வாங்கி நீங்களே வாசியுங்கள். நிறைப் பிரிவுகள், ஒரு பிரிவுக்கு எத்தனை பேர், பெயர் கொடுக்கும் கடைசித் திகதி, வயது எல்லை எல்லாவற்றையும் பாருங்கள். வாய்வழிக் கதையை நம்பாதீர்கள். பிறகு, தெரிவு ஆட்டத்தை எப்போது, எத்தனை சுற்றாக வைப்பார்கள் என்று பணிவாகக் கேளுங்கள். "யாரை அனுப்பினீர்கள்" என்று பின்னால் போய்ச் சண்டை பிடிப்பதைவிட இது நூறு மடங்கு பயன் தரும். மேல்பிரிவு காலியாக இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பதினேழு வயதுப் பிள்ளை சாப்பிட்டு, பளு தூக்கி மேலே போவதுதான் இயல்பு. பட்டினி கிடந்து கீழே போவதல்ல. ஓராண்டு பொறுத்தால் அந்த இடத்துக்கு அவனே உரியவனாகலாம்.

"இதால் எதிர்காலம் உண்டா?" என்றும் கேட்டீர்கள். உண்டு. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் நெத்மி பொருதொட்டகே 57 கிலோப் பிரிவில் இலங்கைக்கு வெண்கலம் வாங்கித் தந்தார். விளையாட்டில் அதிதிறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி இருக்கிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் எல்லாக் கதவுக்கும் உயர்தரச் சித்தி வேண்டும். நிறைக்காகப் பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தில் எழுத்து நிற்காது. மகனின் இரண்டாம் தவணைப் புள்ளிகளை நீங்களே காட்டினீர்கள்; நான் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனை மறுபடி கூட்டி வாருங்கள். சுற்றுநிருபப் பிரதியும் அவன் நிறை எழுதி வைக்கும் கொப்பியும் கையில் இருக்கட்டும். வரும்போது காலைச் சாப்பாடு கொடுத்தே கூட்டி வாருங்கள்.