எறும்புப் புற்றுக்குள் குளவிக்கு என்ன வேலை? கேள்வி பதில்

கேள்வி: செடியைப் பிடுங்கினால் வேரில் அசுவினி, சுற்றிலும் எறும்பு. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு குளவி வாழும் என்கிறீர்களே அக்கா, எப்படி?

பதில்: சாதாரணக் குளவி நுழைந்தால் எறும்பு கடித்துக் குதறிவிடும். வேர் அசுவினி என்ற சிறு பூச்சி எறும்புக்குக் கறவை மாடு மாதிரி. வேர்ச் சாற்றை உறிஞ்சி அது கழிக்கிற இனிப்பு நீரை எறும்பு குடிக்கும். பதிலுக்குக் காவல் காக்கும். பாராலிப்சிஸ் என்ற குளவி வகைக்கோ அங்கே ராஜ மரியாதை. எள்ளைவிடச் சிறிய பூச்சி இது. பெண் குளவி எறும்பின் முதுகில் ஏறி அதன் உடம்போடு உடம்பாக உரசும். எறும்பின் தோலில் இருக்கும் மெழுகு வாசனை குளவிமேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எறும்பின் எதிரில் போய் உணர்கொம்பால் தட்டித் தட்டிச் சோறு கேட்கும். எறும்பும் தன் வயிற்றில் சேர்த்த உணவைக் கக்கி வாய்க்கு வாய் ஊட்டும். சாப்பிட்டுவிட்டு நேரே போய் அந்த எறும்பு வளர்க்கும் அசுவினிக்குள்ளேயே முட்டையிடும்.

1985இல் ஜப்பானில் டகாடா, ஹஷிமோட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் எறும்போடு வாழும் இரண்டு குளவிகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்று பாராலிப்சிஸ் ஐகோயே, மற்றது அக்லைட்டஸ் சப்பாஃபிஸ்.

கேள்வி: கொட்டுமா?

பதில்: கொட்டாது. அந்தக் கொடுக்கு அசுவினிக்குள் முட்டை வைக்கத்தான்.

கேள்வி: அசுவினிக் கூட்டத்தில் பொரி மாதிரி ஊதின பழுப்புத் தோல் கிடக்கிறது. முட்டையா? நசுக்கிவிடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அது மம்மி, அதாவது உள்ளே குளவிப் புழு வளரும் செத்த அசுவினியின் கூடு. வயிற்றை முன்பக்கமாக வளைத்து, கால்களுக்கு இடையே நீட்டி, அசுவினிக்குள் ஒரு முட்டை வைக்கும் குளவி. புழு உள்ளிருந்தே தின்று வளரும். தின்றால் அசுவினியின் உயிர் போய்விடும் பகுதிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். அசுவினி செத்ததும் தோல் இறுகிக் கூடாகிவிடும். இலைமேல் இருக்கும் இனங்களில் மிதமான வெப்பத்தில் ஏறத்தாழ 2 வாரத்தில் குளவி வெளியே வரும். முதுகில் வட்டத் துளை இருந்தால் போய்விட்டது என்று அர்த்தம். துளை இல்லாத மம்மியை நசுக்கினால் உங்களுக்கு வேலை செய்ய வந்த ஆளைக் கொல்கிறீர்கள். மண்ணில் மருந்து ஊற்றுவதும் அதே கதைதான்.

கேள்வி: மனிதரைக் கொட்டுமா மேடம்? வீட்டில் குழந்தை இருக்கிறது.

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: எனக்கு நம்பிக்கை இல்லை. தன் மாட்டைக் கொல்பவனுக்குச் சோறு போட எறும்பு என்ன முட்டாளா? அந்த வாசனையைக் குளவி தானே உண்டாக்கிக்கொள்ளும். லிசிஃபிளெபஸ் கார்துய் அப்படித்தான் என்று படித்திருக்கிறேன்.

பதில்: வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் இரண்டு குளவிகளைக் குழப்புகிறீர்கள். லிசிஃபிளெபஸ் கார்துய் போடுவது மாட்டு வேஷம். அதன் தோல் மெழுகு அசுவினியின் மெழுகை ஒத்திருப்பதால் எறும்பு அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஊட்டியும் விடாது. பாராலிப்சிஸ் போடுவது மாட்டுக்காரன் வேஷம்.

1998இல் அகினோ, யமாவோகா இருவரும் ஐகோயே குளவியை வைத்து ஆராய்ந்தார்கள். புதிதாக வெளிவந்த குளவியின் தோலில் மெழுகுப் பொருள் மிகக் குறைவு. எறும்போடு உரசியபின்தான் அந்தப் புற்றின் வாசனை வருகிறது. அதே குளவி அடுத்த புற்று எறும்பிடம் போனால் கடி வாங்கும். சொந்த வாசனையாக இருந்தால் அந்த இனத்து எறும்பு எல்லாமே ஏற்க வேண்டாமா? முட்டாள்தனம் என்பதையும் ஒப்ப மாட்டேன். இருட்டில் வாசனைதான் முகம். காவலை இன்னும் கறாராக்கினால் சொந்தக் கூட்டாளிகளையே கடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: (அவரேதான்) சரி, ஆனாலும் எறும்புக்கு நஷ்டம்தானே? ஏதாவது லாபம் இருக்க வேண்டும்.

பதில்: ஏன் இருக்க வேண்டும்? திருடனால் வீட்டுக்காரனுக்கு என்ன லாபம்? லாபம் கார்துய் குளவிக்குத்தான். அதன் மம்மிக்குள்ளும் முட்டை வைக்க வேறு குளவிகள் உண்டு. அவற்றை எறும்பு விரட்டுவதால் மம்மி பிழைக்கும். அதையும் மீறி அல்லாக்ஸிஸ்டா பிரெவிஸ் என்ற குளவி வரும்; எறும்பு பிடித்தால் தாடைச் சுரப்பியிலிருந்து ஒன்றை வெளியிடும், எறும்பு விட்டுவிடும். உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், சண்டை போடாமல் யோசியுங்கள்.

கேள்வி: பாராலிப்சிஸ் எங்கே விலைக்குக் கிடைக்கும்?

பதில்: விற்பனைக்கு வளர்க்கப்படுவது அஃபிடியஸ் கோல்மானி மாதிரியான இனங்கள். அவை இலைமேல் உள்ள அசுவினிக்கு. மண்ணுக்குள் இறங்கித் தேடாது. வாங்கி வேரில் விட்டு ஏமாறாதீர்கள்.

கேள்வி: இந்தக் குளவி கொட்டினால் என்ன மருந்து போடலாம்?

பதில்: தம்பி, கொட்டாது. மூன்றாவது முறை.

கேள்வி: எறும்புப் பொடி தூவினால் வேர் அசுவினி போகுமா?

பதில்: எறும்பு போனால் அசுவினிக்குக் காவல் போகும், அவ்வளவுதான். பொடி மண்ணில் கிடந்தால் புற்றுக்குள் இருக்கும் குளவியும் சாகும். மருந்து வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது!

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். கூரைக்கடியில் காகிதம் மாதிரிக் கூடு, மஞ்சளும் கறுப்புமாகக் குளவி. இதுவும் அசுவினிக் குளவிதானா?

பதில்: இல்லை. இது கொட்டும். கிட்டே போகாதீர்கள்.