இருபத்தெட்டு மூலை ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலபாமாவில் மாண்ட்கோமரி நகரில் வசிக்கிறேன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு அட்லாண்டா பக்கத்தில் உள்ள பெருமாள் கோயிலுக்குப் போய் வருவோம். வழியில் 'டஸ்கீகி' என்ற பலகையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சென்ற மாதம்தான், பெட்ரோல் போட இறங்கிய சாக்கில், ஊருக்குள் போனேன். நடுவில் ஒரு சதுக்கம், அதைப் பார்த்தபடி பழைய நீதிமன்றம், சுற்றிலும் கடைகள். பல கடைகள் பூட்டிக் கிடந்தன. ஞாயிறு மதியம் என்பதாலோ என்னவோ, தெருவில் ஓர் ஆள் இல்லை. கறுப்பின மக்களுக்கு நோய்க்கிருமியை ஊசியில் ஏற்றிப் பரிசோதித்த ஊர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாக்குரிமைக்காகப் பெரிய வழக்கு நடத்தி வென்றார்கள் என்று நீங்கள் ஓர் உரையில் சொன்னதும் நினைவிருக்கிறது. என் கேள்வி இதுதான். வழக்கில் வென்றார்கள், ஊரும் அவர்கள் கைக்கு வந்தது. பிறகு ஏன் இப்படி வெறிச்சோடிக் கிடக்கிறது? ஜெயித்து என்ன பயன்?

எம்.,
மாண்ட்கோமரி

அன்புள்ள எம்.,

முதலில் ஒரு திருத்தம். நோய்க்கிருமியை ஊசியில் ஏற்றவில்லை. நம்மூரில் படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள், அதனால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். நடந்தது வேறு, என் கணக்கில் அது இன்னும் கொடியது. 1932-இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை டஸ்கீகி இருக்கும் மேக்கன் கவுண்டியின் ஏழைக் கறுப்பின விவசாயிகளில் ஏறத்தாழ 600 பேரைத் தேர்ந்தெடுத்தது. 399 பேருக்கு ஏற்கெனவே சிஃபிலிஸ் இருந்தது, 201 பேருக்கு இல்லை. நோய் உள்ளவர்களிடம் உண்மை என்னவென்று சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' என்றார்கள். 1940-களில் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் நோய் முற்றுவதை நாற்பது ஆண்டுகள் வேடிக்கை பார்த்தார்கள். இறந்தால் அடக்கச் செலவு தருவதாகச் சொன்னார்கள், பிணத்தை அறுத்துப் பார்க்க அனுமதித்தால். 1972-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நின்றது. அதிபர் மன்னிப்புக் கேட்க 1997 ஆயிற்று.

ஆனால் டஸ்கீகி என்றாலே அந்தப் பரிசோதனை என்று ஆகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அதில் வருத்தம் இருந்தால் நியாயம்தான். பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் 1913-இல் பிறந்த ஊர் அது. வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-இல் வந்து 1943-இல் சாகும்வரை நிலக்கடலையோடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கோடும் வாழ்ந்த ஊர். எனக்கு இவை எல்லாவற்றையும்விட அந்த ஊரின் நகராட்சி வரலாறுதான் சுவாரசியம். எல்லைக் கோடு, வாக்காளர் பட்டியல், பத்திரப் பதிவு என்று, கேட்டால் கொட்டாவி வரும் விஷயங்கள். அந்த ஊரில் மனிதர்கள் அவற்றுக்காகத்தான் ஆயுளைக் கொடுத்தார்கள்.

டஸ்கீகி மேக்கன் கவுண்டியின் 'கவுண்டி சீட்'. அதை நம் தாலுகா தலைநகரம் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிகாரம் கூடுதல். நீதிமன்றம், ஷெரீப், வரி, பத்திரம், வாக்காளர் பதிவு எல்லாம் அந்த ஒரு கட்டடத்தில். நீங்கள் பார்த்த சதுக்கம் அழகுக்காகப் போட்டதல்ல. நீதிமன்றத்துக்கு வருகிறவன் கடைக்கும் வருவான். அந்தக் கணக்கில்தான் தெற்கத்திய ஊர்கள் பலவும் எழுந்தன.

கதையின் தொடக்கமே ஒரு வாக்கு பேரத்தில் இருக்கிறது. 1880 வாக்கில் மாநில சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட ஃபாஸ்டர் என்ற வெள்ளையருக்குக் கறுப்பர்களின் ஓட்டு தேவைப்பட்டது. அப்போது அவர்களுக்கு ஓட்டு இருந்தது. அடிமையாக இருந்து விடுதலையான தகரத் தொழிலாளி லூயிஸ் ஆடம்ஸிடம் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஆடம்ஸ் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்டார். ஆண்டுக்கு 2,000 டாலர் ஆசிரியர் சம்பளத்துக்கு ஒதுக்கினார்கள். இடமும் கட்டடமும் கிடையாது. 1881 ஜூலை 4 அன்று புக்கர் டி. வாஷிங்டன் என்ற இருபத்தைந்து வயது ஆசிரியர் ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்துக் குடிசையில் வகுப்பைத் தொடங்கினார்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். மாணவர்களே சூளை போட்டார்கள். முதல் சூளை கெட்டது, இரண்டாவதும் கெட்டது, மூன்றாவது ஏறக்குறைய வெந்து முடியும் நேரத்தில் சரிந்தது. கையில் காசில்லை. வாஷிங்டன் தன் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உங்கள் மாண்ட்கோமரிக்குத்தான் வந்தார். அடகுக்கடையில் 15 டாலர் கிடைத்தது. நான்காவது சூளை தேறியது. பணம் சேர்வதற்குள் கெடு தாண்டிப் போனதால் கடிகாரம் போனது போனதுதான். அதை இழந்ததற்கு வருந்தவே இல்லை என்று பிற்பாடு எழுதினார்.

அதே தலைமுறை வாக்கை இழந்தது. 1901-இல் அலபாமா புதிய அரசியல் சட்டம் எழுதி, தேர்வும் வரியும் விதித்து, கறுப்பர்களைப் பட்டியலிலிருந்து துடைத்தது. பள்ளிக்கூடம் வளர்ந்தது, படித்தவர்கள் பெருகினார்கள், முன்னாள் ராணுவத்தினருக்கான பெரிய மருத்துவமனை 1923-இல் வந்தது, அதில் கறுப்பின மருத்துவர்கள் வேலைக்கு வந்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களும் அறுவை மருத்துவர்களும் அந்தச் சின்ன ஊரில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது.

சார்லஸ் கோமிலியன் 1928-இல் ஆசிரியராக வந்தார். சமூகவியல் பேராசிரியர், மெல்லப் பேசுகிறவர். வாக்காளராகப் பதிய வேண்டுமானால் பட்டியலில் உள்ள ஒருவர் நேரில் வந்து 'இவரை எனக்குத் தெரியும்' என்று சாட்சி சொல்ல வேண்டும். பட்டியலில் இருந்தவர்களோ பெரும்பாலும் வெள்ளையர்கள். கோமிலியன் என்ன செய்தார் தெரியுமா? வீடு கட்டத் தொடங்கியபோது வெள்ளைக் கட்டட ஒப்பந்தக்காரரிடம், சாட்சி சொல்ல வந்தால் வேலை உங்களுக்கு என்றார். 1939-இல் வாக்காளரானார். ஒரு ஓட்டுக்காக ஒரு வீட்டையே கட்டியவர் என்று சொன்னால் மிகையில்லை.

எல்லோரும் வீடு கட்ட முடியாதே. 1941-இல் டஸ்கீகி குடிமைச் சங்கம் தொடங்கியது. கூட்டம் கூட்டமாக நீதிமன்றத்துக்குப் போவது, வரிசையில் நிற்பது, திரும்புவது, மறுபடி போவது. பதிவாளர்கள் தந்திரசாலிகள். கறுப்பர்களுக்குத் தனி அறை, ஒரே நேரத்தில் ஒருவர் அல்லது இருவர். அரசியல் சட்டத்தின் நீளமான பகுதிகளைக் கையால் நகல் எடுக்கச் சொல்வார்கள். சில காலம் பதிவாளர்களே ராஜினாமா செய்துவிடுவார்கள், அலுவலகமே இயங்காது. நம் ஊர் அலுவலகத்தில் 'சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்' என்ற பதிலைக் கேட்டுப் பழகியவர்கள் அந்த வரிசையின் களைப்பை ஓரளவு ஊகிக்கலாம். இவ்வளவையும் தாண்டி 1957-க்குள் ஊர் எல்லைக்குள் ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளர்கள் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த தேர்தலில் ஊர் கைமாறலாம் என்ற நிலை.

அப்போது சாம் எங்கல்ஹார்ட் என்ற மாநில செனட்டர் சட்டம் எண் 140-ஐக் கொண்டுவந்தார். அதில் இனம் என்ற சொல்லே கிடையாது. நகர எல்லை இன்ன புள்ளியில் தொடங்கி இத்தனை அடி வடக்கே, இத்தனை அடி கிழக்கே என்று நில அளவைக் கணக்கு மட்டும். அதுவரை ஊர் சதுரமாக இருந்தது. சட்டம் முடிந்தபோது இருபத்தெட்டு மூலைகள் வந்திருந்தன. 400 பேரில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் ஊருக்கு வெளியே. வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. வாஷிங்டன் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிலையமே டஸ்கீகியில் இல்லை!

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பின்னிணைப்பாக அந்த வரைபடத்தை அச்சிட்டிருக்கிறார்கள். வெளியே பழைய சதுரம், உள்ளே புதிய ஊர். மழையில் நனைந்து ஓரமெல்லாம் பிய்ந்த அப்பளம் போல இருக்கிறது. பென்சிலை வைத்துக்கொண்டு மூலைகளை எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை இருபத்தேழுதான் வந்தது. கோடு ஒரு தெருவைத் தொட்டு, தயங்கி, பின்வாங்கி, இன்னொரு தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் வைத்துக்கொண்டு போட்ட கோடு.

பதிலுக்கு அவர்கள் செய்தது கடைகளுக்குப் போகாமல் இருந்தது. 1957 ஜூன் 25 அன்று பட்லர் தேவாலயத்தில் கூட்டம். கோமிலியன் அங்கே கவனமாக ஒரு சொல்லைத் தவிர்த்தார். அலபாமாவில் 'பாய்காட்' சட்டவிரோதம். அதனால் 'நண்பர்களிடம் மட்டும் வாங்குவோம்' என்றார்கள். எங்களை ஊரில் வேண்டாம் என்பவர் எங்கள் பணத்தை மட்டும் ஏன் வேண்டும் என்கிறார் என்பது வாதம். வாரக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் நடந்தது. மாநில அரசு சங்க அலுவலகத்தைச் சோதனை போட்டது, தடை கேட்டு வழக்குப் போட்டது. தடை கிடைக்கவில்லை. யாரும் யாரிடமும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்த நீதிபதி தீர்ப்பு எழுதுவார்? சதுக்கத்தைச் சுற்றிச் சில கடைகள் அப்போதே மூடப்பட்டன. நீங்கள் பார்த்த பூட்டுகளில் ஒன்றிரண்டுக்கு அவ்வளவு வயது இருக்கலாம்.

எல்லைச் சட்டத்தை எதிர்த்த வழக்கு கோமிலியன் எதிர் லைட்ஃபுட். லைட்ஃபுட் அன்றைய மேயர். வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, இருபதுகளில் இருந்த இளைஞர். மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டிலும் தோல்வி. நகர எல்லை வரைவது சட்டமன்றத்தின் வேலை, நீதிமன்றம் தலையிடாது என்பது அன்றைய நெறி. தொகுதிப் பிரச்சினைகளில் நீதிபதிகள் இறங்கக் கூடாது என்று 1946-இல் அழுத்தமாக எழுதியவர் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர். 1960 நவம்பர் 14 அன்று வந்த ஒன்பது பேரின் ஒருமனதான தீர்ப்பை எழுதியவரும் அவரே. எல்லை வரைவது வேறு, இனம் பார்த்து வாக்கைப் பறிப்பது வேறு என்றார். வாய்ப்பேச்சு எதுவும் தேவைப்படவில்லை, வரைபடமே சாட்சி. 1961-இல் பழைய எல்லை திரும்பியது. அதே ஆண்டு பதிவாளர்களுக்கு எதிரான தனி வழக்கில் 64 பேரை உடனே பட்டியலில் சேர்க்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இனி உங்கள் கேள்வி. ஜெயித்து என்ன பயன் என்று கேட்கும் உரிமை கோமிலியனுக்குத்தான் முதலில் உண்டு. அவர் கேட்கவும் செய்தார். அவர் கனவு கறுப்பர் ஆட்சி அல்ல, இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் நகராட்சி. 1964-இல் வாக்காளர்களில் கறுப்பர்களே அதிகமான பிறகும், நகர மன்றத்தைக் கைப்பற்ற வேண்டாம், சில இடங்கள் போதும் என்றார். இரண்டு பேர் வென்றார்கள். இளைஞர்களுக்கு இந்தப் பொறுமை எரிச்சலாக இருந்தது. எனக்கு இரு பக்கமும் புரிகிறது, ஆனால் கோமிலியன் வெள்ளையர்களைத் தவறாக எடைபோட்டார் என்றுதான் நினைக்கிறேன். 1963-இல் பதின்மூன்று கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் சேரப் போனபோது ஆளுநர் வாலஸ் போலீஸை அனுப்பிப் பள்ளியை மூடினார். திறந்ததும் வெள்ளைப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். அவர்களுக்கென்று தனியார் பள்ளி முளைத்தது. 1966 ஜனவரி 3 அன்று சாமி யங் என்ற மாணவர், இருபத்தொரு வயது, கடற்படையில் பணியாற்றியவர், ஒரு பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை கேட்டுத் தகராறாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. அன்றிரவு மாணவர்கள் சதுக்கத்துக்குப் போய் அங்கிருந்த கூட்டமைப்புப் படைவீரன் (உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் படை) சிலையின் மீது பெயின்ட் அடித்தார்கள். அதே ஆண்டு லூசியஸ் அமெர்சன் ஷெரீப் தேர்தலில் வென்றார். உள்நாட்டுப் போரை அடுத்து வந்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பிறகு தெற்கில் முதல் கறுப்பின ஷெரீப். 1972-இல் ஜானி ஃபோர்ட் மேயரானார். கோமிலியனோ ஓய்வு பெற்று ஊரைவிட்டே போனார்.

வெள்ளையர்கள் போனார்கள், கூடவே முதலீடும் போனது. வணிகம் ஆபர்ன், ஒபிலைக்கா பக்கம் நகர்ந்தது. நீங்கள் வண்டி ஓட்டும் அதே நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் விலகிப் போகிறது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 9,400 பேர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் போராட்டமும் நடக்காத தெற்கத்திய கவுண்டி தலைநகரங்களிலும் சதுக்கத்துக் கடைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. அங்கே போய் 'தோற்று என்ன பயன்' என்று யாரும் கேட்பதில்லை.

சதுக்கம் யாருடையது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நகராட்சியுடையது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1906-இல் கவுண்டி அந்த நிலத்தைக் கூட்டமைப்பின் மகள்கள் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்தது, வெள்ளையருக்கான பூங்காவாக இருக்க வேண்டும் என்று. 1909-இல் சிலை வந்தது. மேயரும் ஷெரீப்பும் மன்றமும் கறுப்பர்கள் ஆன பிறகும் ஊரின் நடுமுற்றம் மட்டும் வேறொருவர் சொத்தாகவே இருந்தது. 2021-இல் ஜானி ஃபோர்ட், அப்போது மன்ற உறுப்பினர், ஏணி வண்டியில் ஏறி சிலையின் காலை ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார். ஷெரீப் வந்து நிறுத்தினார். பொதுச் சொத்தை ஒரு இனத்துக்காக எழுதிக் கொடுக்கக் கவுண்டிக்கு உரிமையே இல்லை என்று நீதிமன்றத்தில் ஒரு வழக்கும் போட்டார்கள். வழக்கறிஞர் ஃபிரெட் கிரே. அப்போது வயது தொண்ணூறு. எல்லை வழக்கும் பள்ளி வழக்கும் பரிசோதனைக்கு உள்ளானவர்களின் வழக்கும் நடத்திய அதே மனிதர்.

அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வாரநாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்திரப் பதிவேடுகள் பொதுமக்கள் பார்வைக்குத்தான், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 1906-ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்டுப் பாருங்கள். எந்த அறையில் என்று தெரியாவிட்டால் வாசலில் விசாரியுங்கள், சொல்வார்கள்.

அன்புடன்