பழைய புகைப்பட பேஸ்பால் அட்டைகளில் ஒன்று பழுப்பாகவும் இன்னொன்று ரோஜா நிறமாகவும் இருப்பது ஏன்? ரோஜா நிற அட்டை போலியா?

ரோஜா நிறம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஓல்ட் ஜட்ஜ் என்ற சிகரெட்டோடு வந்த பேஸ்பால் அட்டையைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அசல் நிறம் என்று நீங்கள் கருதும் வெளிர் பழுப்புதான் பல அட்டைகளில் பின்னாளில் வந்து சேர்ந்தது என்பது என் கருத்து. உங்களிடம் உள்ள இரண்டு அட்டைகளிலும் ஒரே ஆட்டக்காரர், அவர் நிற்கும் ஒரே நிலை, படத்தில் ஒரே எழுத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டுக்கும் மூலப் படம் ஒன்றே. வேறுபாட்டைத் தாளிலும் படம் எடுத்த பிறகு நடந்த வேலையிலும்தான் தேட வேண்டும்.

நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1886 முதல் 1890 வரை தன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த இந்த அட்டைகளில் அச்சு மை என்பதே கிடையாது. ஏறத்தாழ ஒன்றரை அங்குல அகலமும் இரண்டரை அங்குல உயரமும் கொண்ட ஒவ்வோர் அட்டையும், தடித்த அட்டையின்மேல் ஒட்டப்பட்ட உண்மையான புகைப்படம். அதே ஆண்டுகளில் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் ஜிண்டர் நிறுவனம் வெளியிட்டவை கல்லச்சில் வண்ணமாக அடிக்கப்பட்டவை. அவற்றின் நிறத்தைத் தீர்மானித்தது மை. ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளின் நிறத்தைத் தீர்மானித்தவை வெள்ளியும், தங்கமும், முட்டையின் வெள்ளைக்கருவும், ஒரு சாயமும்.

அக்காலத்து ஆல்புமின் தாளில், உப்புக் கலந்த வெள்ளைக்கருவைப் பூசி உலர்த்திய பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலில் நனைத்து ஒளியுணர்வு ஏற்றுவார்கள். அதை நெகடிவோடு ஒட்டவைத்துப் பகல் வெளிச்சத்தில் வைத்தால், டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) எதுவும் இல்லாமலே படம் கண்முன்னே கறுத்து வரும். இப்படி உருவாகும் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் அவை கறுப்பாகத் தோன்றாமல் செம்பழுப்பாகத் தோன்றும். அந்தச் சிவப்பைத் தணிப்பதற்காகவே படத்தைத் தங்கக் குளோரைடு கரைசலில் இடுவார்கள். நன்றாகத் தங்கம் ஏறினால் நிறம் ஊதா கலந்த கரும்பழுப்புக்கு நகரும். ஆனால் ஒரு தொட்டிக் கரைசலில் அடுத்தடுத்துப் பல தாள்களை இடும்போது தங்கம் தீர்ந்துகொண்டே வரும். காலையில் இட்ட தாளும் கடைசியாக இட்ட தாளும் ஒரே நிறத்தில் வர வேண்டுமானால், வேலை செய்பவர் விடாமல் கண்காணித்துத் தங்கத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 500க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை, ஒவ்வொருவரையும் பல நிலைகளில், சிகரெட்டோடு இலவசமாகக் கொடுப்பதற்காக அடித்துத் தள்ளிய இடத்தில் அந்த அக்கறையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி ரோஜா நிறம். வெள்ளைக்கரு நாளடைவில் மஞ்சளாகும் என்பது அன்றைய தொழிலாளர்களுக்கே தெரியும். 1856இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் அனிலின் எனப்படும் செயற்கைச் சாயங்களில் முதலாவதைக் கண்டறிந்ததைத் தொடர்ந்து சாயங்கள் பெருகிய பிறகு, தாள் செய்தவர்கள் வெள்ளைக்கருவிலேயே சிறிது ரோஜா, ஊதா அல்லது நீலச் சாயத்தைக் கலந்து அந்த மஞ்சளை மறைக்கப் பார்த்தார்கள். 1880களில் இத்தகைய தாள் கடையில் வாங்கக்கூடிய சாதாரணச் சரக்கு. ரோஜா நிற ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட தாளில் எடுக்கப்பட்டவை என்றே நான் கருதுகிறேன். கழுவும்போது நேர்ந்த பிழைதான் காரணம் என்று சேகரிப்பாளர்கள் சிலர் சொல்வதுண்டு. அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏனெனில் தங்கக் கரைசலில் நேர்ந்த குறை வெள்ளி படிந்த இருண்ட பகுதிகளில்தான் சிவப்பாகத் தெரியுமே தவிர, வெள்ளியே இல்லாத வெளிறிய பகுதிகளுக்கு நிறம் கொடுக்காது.

ஆகவே அட்டையின் பொதுவான நிறத்தைப் பார்க்காமல், அந்த நிறம் படத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டக்காரரின் வெளிர்ச் சீருடை, பின்திரை, வானம் போன்ற பகுதிகளிலும் ரோஜா பரவியிருந்தால் அது தாளின் சாயம். அப்பகுதிகள் வெளுப்பாக இருந்து, நிழல்கள் மட்டும் செம்பழுப்பாக இருந்தால் தங்கம் குறைவு. வெளிர்ப் பகுதிகள் மஞ்சளாகி, அவற்றில் இருந்த நுண்விவரங்களும் மறைந்துபோயிருந்தால் அது முதுமை. தமிழில் செபியா நிறத்தையும் பழைய தாளின் மஞ்சளையும் ஒருசேரப் பழுப்பு என்று சொல்லிவிடுகிறோம். இந்தக் குழப்பத்தில் பாதி அந்த ஒரு சொல்லால் வருவது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முதுமைக்கும் காரணங்கள் உண்டு. என் தந்தையாரின் ஸ்டுடியோ இருட்டறையில் சிறுவயதில் எனக்கு இடப்பட்ட வேலை, படங்களை ஹைப்போவிலிருந்து (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) எடுத்துத் தண்ணீரில் அலசுவது. சோம்பலில் நான் அரைகுறையாக அலசிய ஒரு கல்யாணப் படம் சில ஆண்டுகளில் மஞ்சளடித்துத் திரும்பி வந்தது. படத்தில் தங்கிவிட்ட ஹைப்போவின் கந்தகம் வெள்ளியைத் தாக்கும். வெள்ளித் துகள் நுண்ணியதாக இருக்கும் ஆல்புமின் படத்தில் அந்தத் தாக்கம் இன்னும் கடுமை. ஈரப்பதம் அதைத் துரிதப்படுத்தும், வெளிச்சமோ சாயத்தை வெளுக்கச் செய்யும். ஓல்ட் ஜட்ஜ் படங்களில் சில, ஸ்டுடியோவுக்குள் நூலில் பந்தைத் தொங்கவிட்டு, அதைப் பிடிப்பதுபோல ஆட்டக்காரரை நிற்கவைத்து எடுக்கப்பட்டவை. என்னிடமுள்ள அத்தகைய இரண்டு படங்களில் கருமையானதில் நூல் தெளிவாகத் தெரிகிறது. வெளிறியதில் நூல் மறைந்து, பந்து தானாக அந்தரத்தில் நிற்கிறது.

1913இல் வந்த ஃபாத்திமா சிகரெட்டின் அணிப் படங்களோடு இவற்றை ஒப்பிட வேண்டாம். அவையும் புகைப்படங்களே, ஆனால் ஜெலட்டின் தாளில் டெவலப்பர் கொண்டு எடுக்கப்பட்டவை. அங்கே இயல்பான நிறம் கறுப்புக்கு அருகில் இருக்கும். பழையதானால் இருண்ட ஓரங்களில் நீல நிறத்தில் ஒரு வெள்ளிப் பளபளப்பு எழும்.

போலியா என்பதற்கு நிறத்தைவிட நம்பகமான சோதனைகள் இருக்கின்றன. உருப்பெருக்கியில் பார்க்கும்போது அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்படமே அன்று. ஆல்புமின் படத்தில் பூச்சின் ஊடாகத் தாளின் நார்கள் தெரியும், மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகளும் இருக்கக்கூடும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டியதும் அட்டை பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த வெண்மையூட்டி இருக்கிறது என்று பொருள்.

விலை என்று வந்தால், ரோஜா நிற அட்டைக்குப் பலர் குறைத்தே கேட்கிறார்கள்; கருமையும் தெளிவும் உள்ள படத்துக்கே மதிப்பு. எனக்கு இது சற்று விந்தையாகத்தான் படுகிறது. என் சேகரிப்பில் உள்ள ஒரு மங்கிய அட்டை நெடுங்காலம் ஆல்பத்தின் மூலைப்பட்டைகளில் செருகப்பட்டிருந்தது. பட்டை மறைத்திருந்த நான்கு முக்கோணங்களிலும் இன்றும் ரோஜா இருக்கிறது, நடுவில் மட்டும் இல்லை. உங்கள் பழுப்பு அட்டையின் மூலைகளையும் ஒருமுறை பாருங்கள். ரோஜா அட்டையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட நினைத்தால், நல்ல நகல் ஒன்றை எடுத்து அதை மாட்டிவிட்டு, அசலை இருட்டான, ஈரமில்லாத அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.