போயாவுக்குக் கழுவிய தொட்டியில் பொங்கும் நுரை

கேள்வி: ஐயா, கொழும்பு வெள்ளவத்தையில் மாடி வீடு. ஹோலில் இரண்டடி மீன் தொட்டி வைத்திருக்கிறோம், 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். மூன்று கோல்ட் பிஷ், இரண்டு கௌராமி, பத்துப் பன்னிரண்டு கப்பி. போன போயா (பௌர்ணமி) லீவில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கல், பில்டர் ஸ்பொஞ்ச் எல்லாம் குழாயடியில் நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டேன். நாலாம் நாளிலிருந்து மேலே வெள்ளை நுரை. அள்ளி எறிந்தால் மறுநாள் திரும்ப நிற்கிறது. தண்ணீரும் லேசாகப் பால் மாதிரி, கொஞ்சம் மீன் வெடுக்கும் அடிக்கிறது. மீன் எல்லாம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நுரையை அடக்குகிற மருந்து ஒன்று இருப்பதாகக் கடையில் சொன்னார்கள், வாங்கட்டுமா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. அது நுரையை மறைக்கும், நுரை எதனால் வந்ததோ அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். தொட்டிக்குத் தண்ணீர் எந்த வாளியில் கொண்டுவந்தீர்கள்? வீடு துடைக்கிற, உடுப்பு ஊறவைக்கிற வாளி என்றால் அதில் ஒட்டியிருக்கும் சவர்க்காரமே போதும். இரண்டு சுத்தமான போத்தல் எடுங்கள். ஒன்றில் குழாயிலிருந்து நேரே பிடித்த தண்ணீர், மற்றதில் அதே தண்ணீரை அந்த வாளியில் விட்டுக் கலக்கியது, இரண்டும் பாதி அளவு. மூடிக் குலுக்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குமிழி உடனே உடைந்துவிடும். வாளித் தண்ணீரில் மட்டும் நுரை ஒரு நிமிடம் தாண்டியும் நின்றால் சவர்க்காரம்தான், அப்படியானால் இன்றைக்கே மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொட்டித் தண்ணீரை முழுக்க மாற்றுங்கள், ஏனென்றால் சவர்க்காரம் நேரே செவுளைத்தான் பிடிக்கும்.

ஆனால் நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சவர்க்காரம் என்றால் தண்ணீர் விட்ட அன்றே நுரைத்திருக்கும். உங்களுக்கு நாலு நாள் கழித்து, அதுவும் பால் நிறத்தோடு வந்திருக்கிறது. தொட்டி ஊத்தையானதால் வந்த வினை இல்லை இது, அளவுக்கு மிஞ்சிக் கழுவியதால் வந்தது.

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்க்கிற பக்டீரியா அந்த ஸ்பொஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்து வந்தாலும் லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து வந்தாலும் குளோரீன் போட்டுத்தான் வருகிறது. அந்தக் குழாயடியில் ஸ்பொஞ்சைப் பிழிந்தீர்களே, அதோடு நிறையப் பக்டீரியா போயிருக்கும். 2022இல் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய நாட்களில் என் தொட்டியிலும் இப்படித்தான், பில்டர் நின்று, உள்ளே இருந்த பக்டீரியா மூச்சுத் திணறிச் செத்து, பிறகு ஒரு கிழமைக்கு நுரையும் வெடுக்குமாகக் கிடந்தது. இப்போது உங்கள் தொட்டியில் மிச்சச் சாப்பாடும் கழிவும் கரைந்து புரதமாகத் தண்ணீரில் நிற்கின்றன. புரதம் குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொண்டால் குமிழி உடையாது. பருப்பு அவியும்போது பானையில் நுரை ஏறுகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

அப்புறம், “எல்லாம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நினைப்பை நான் நம்பமாட்டேன். கப்பியை எண்ணுங்கள். பில்டருக்குப் பின்னால், கல்லுக்கு அடியில் ஒன்று செத்து அழுகிக் கிடந்தால் அது ஒன்றே இவ்வளவு நுரையும் தரும்.

இனிச் செய்ய வேண்டியது. சாப்பாட்டைக் குறையுங்கள், ஒரு கிழமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். வீட்டில் யார் யார் போடுகிறார்கள் என்றும் விசாரியுங்கள், பிள்ளை ஒரு பிடி, அம்மம்மா ஒரு பிடி, நீங்கள் ஒரு பிடி என்று போனால் நான் சொல்லும் எதுவும் பலிக்காது. நாளுக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். உங்கள் தொட்டி விளிம்புவரை நிறைந்தால் 70 லீற்றர் அளவு வரும், ஆகவே ஒரு தடவைக்கு 15, 16 லீற்றர் போதும். புதுத் தண்ணீரை முதல் நாளே பிடித்து, குளோரீன் போவதற்கு, காற்று மோட்டர்க் குழாயில் மாட்டிக் குமிழி விடும் காற்றுக் கல்லைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குளோரீனை முறிக்கும் அன்டி குளோரின் விடுங்கள். அமோனியா சோதிக்கும் கிட் கிடைத்தால் வாங்குங்கள், மருந்துக்குக் கொடுக்கவிருந்த காசு அதற்குப் போகட்டும். லீற்றருக்கு 0.25 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை இந்தத் தண்ணீர் மாற்றத்தை நிறுத்தாதீர்கள். காற்று மோட்டரை இரவிலும் ஓடவிடுங்கள், நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். நுரை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, நுரையால் மீன் சாவதில்லை, அமோனியாவாலும் மூச்சுத் திணறியும்தான் சாகும்.

மீன் வளர்க்கிற கூட்டாளி யாராவது இருந்தால், அவர்களின் நோயில்லாத பழைய தொட்டி ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் பில்டரில் செருகுங்கள். பக்டீரியா தானாக வளர நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும், துண்டு கிடைத்தால் அந்தக் காலம் நன்றாகக் குறையும். இனி ஸ்பொஞ்ச் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், கல்லையும் ஸ்பொஞ்சையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.

கோல்ட் பிஷ் மூன்று இரண்டடிக்கு அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவை கழிவு கூடிய மீன்கள். பெரிய தொட்டி வாங்க முடியாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று. நுரை பரவாமல் ஒரே மூலையில், செடி ஓரத்தில், சின்னச் சின்னக் குமிழியாக ஒட்டி நிற்கிறதா, பக்கத்தில் ஒரு கௌராமி காவல் நின்று மற்ற மீன்களைத் துரத்துகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த மூலையை மட்டும் அள்ளி எறியாதீர்கள், அது ஆண் கௌராமி முட்டைக்குக் கட்டின கூடு.