பையனுக்கு யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது, மாத்திரை வேண்டுமா?

சர்க்கரை நோய் உள்ள வளரிளம் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்டவற்றில் சில.

மகனுக்கு வயது 15, எடை 88 கிலோ. டைப் 2 சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறான். யூரிக் ஆசிட் 7.8. ‘இப்படியே விட்டால் கிட்னி போய்விடும்’ என்கிறார் லேப்காரர். மாத்திரை தொடங்கலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். மூட்டு வீக்கமோ சிறுநீரகக் கல்லோ இல்லாத பிள்ளைக்கு அந்த எண்ணைக் குறைக்க மட்டும் அலோபியூரினால் என்ற மாத்திரையைக் கொடுப்பதில்லை.

லேப்காரர் பயத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. அமெரிக்காவில் டைப் 2 பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ‘டுடே’ ஆய்வில், யூரிக் ஆசிட் கூடியவர்களுக்கே பின்னாளில் ரத்த அழுத்தமும் சிறுநீரில் ஆல்புமினும் (கிட்னி பாதிப்பைக் காட்டும் புரதம்) அதிகம் வந்தன. அப்படியானால் அதைக் குறைத்தால் கிட்னி தப்புமா? 2020-இல் வெளியான ‘பெர்ல்’ ஆய்வு இதைத்தான் சோதித்தது. டைப் 1 உள்ள 530 பெரியவர்களில் ஒரு பாதிக்கு அலோபியூரினால், மறுபாதிக்கு வெற்று மாத்திரை, மூன்று வருடம். யூரிக் ஆசிட் நன்றாகவே இறங்கியது. கிட்னிக்கு ஒரு லாபமும் இல்லை. போதாததற்கு, அரிதாகச் சிலருக்குத் தோலே உரியும் அளவுக்கு ஒவ்வாமை தரும் மருந்து அது.

உங்கள் மகன் உடம்பில் எடையால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. அது யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் போகவிடாமல் தடுக்கிறது. எடை இறங்கினால் இதுவும் இறங்கும். நான் கேட்பது வேறு: பிரஷர் பார்த்தீர்களா? சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்? எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி)? எல்டிஎல் கொழுப்பு? 13 வயதுக்கு மேல் பிரஷர் 130/80-ஐத் திரும்பத் திரும்பத் தொட்டால் அதற்கு வைத்தியம் வேண்டும். ‘ஃபுல் பாடி செக்கப்’ என்று விற்கும் பேக்கேஜ்கள் பலவற்றில் யூரிக் ஆசிட் இருக்கும், இந்தச் சிறுநீர்ச் சோதனை இருக்காது. கேட்டுச் செய்யுங்கள்.

மகளுக்கு 13 வயது, டைப் 1. சுகர் 300-க்குக் கீழே வருவதே அபூர்வம். ஆனால் யூரிக் ஆசிட் 2.4தான். கிட்னி நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? (தக்கலை)

இல்லை. சிறுநீரில் சர்க்கரை வழியும்போது யூரிக் ஆசிட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சுகர் கட்டுக்குள் வந்தால் இந்த எண் கொஞ்சம் ஏறலாம். அதைக் கண்டு பதற வேண்டாம். இன்சுலின் அளவுக்காக மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.

மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. நெத்திலி, சாளை எல்லாம் நிறுத்த வேண்டுமா? (குளச்சல்)

உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் நெத்திலியிலும் சாளையிலும் அதிகம்தான். கீல்வாதம் உள்ள பெரியவர் என்றால் அளக்கச் சொல்வேன். பிள்ளைக்குக் குழம்பு மீனை நிறுத்தாதீர்கள். அதன் பக்கத்தில் குவிந்திருக்கும் மரச்சீனிக் கிழங்கைக் குறையுங்கள், கருவாட்டை எப்போதாவது என்று வையுங்கள். அதன் உப்பு பிரஷருக்கு ஆகாது. யூரிக் ஆசிட்டை ஏற்றும் பெரிய ஆள் பாட்டில் குளிர்பானம். அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலில் உடையும்போதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. அக்கானி (பதநீர்) இயற்கைதானே என்பார்கள். அதுவும் சர்க்கரைத் தண்ணீர்தான். லோ சுகர் ஆனால் மட்டும் இந்தத் தடை கிடையாது: குளுக்கோஸோ ஜூஸோ, கையில் கிடைத்ததை உடனே கொடுங்கள்.

மகன் தினமும் ஃபுட்பால் ஆடுவான். டைப் 1, வயது 16. சிறுநீர் ஆல்புமின் விகிதம் 42 வந்திருக்கிறது. (தூத்தூர்)

30-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் மேட்ச் ஆடிய மறுநாளோ காய்ச்சலின்போதோ எடுத்தால் சும்மாவே ஏறும். முந்தின நாள் ஆட்டம் வேண்டாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் கணக்கு. டைப் 1 பிள்ளைகளுக்கு நோய் வந்து ஐந்து வருடம் ஆனபின், 10 வயதிலோ பருவமடையும்போதோ இந்தச் சோதனையை ஆரம்பித்து வருடாவருடம் செய்ய வேண்டும். டைப் 2-க்குக் கண்டுபிடித்த அன்றே.

முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறானா என்றும் விசாரியுங்கள். அந்த வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது, நிறுத்துங்கள்.

17 வயது மகளுக்கு பிரஷர் இல்லை, ஆனாலும் எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். (கருங்கல்)

ஆல்புமின் தொடர்ந்து போனால் கிட்னிக்காகக் கொடுப்பது வழக்கம். பொட்டாசியமும் கிரியாட்டினினும் இடையிடையே பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் இது கூடவே கூடாது, சிசுவைப் பாதிக்கும். இதை அவளிடம் நேரடியாகவே சொல்லிவையுங்கள் அம்மா, கல்யாணப் பேச்சு எடுக்கும்வரை காத்திராதீர்கள்.