வாசகர் கேள்வி – பதில்: ‘எனக்கு வெக்கையாக இருக்கிறது’ என்பதை ஸ்பானிய மொழியில் சொல்வது எப்படி?

கேள்வி: இரண்டு மாதங்களாக ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். வகுப்பில் ஒரு நாள் புழுக்கம் தாங்காமல், ‘எனக்கு வெக்கையாக இருக்கிறது’ என்று சொல்ல எண்ணி ‘எஸ்தோய் கலியெந்தே’ என்றேன். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘தெங்கோ கலோர்’ என்று திருத்தினார், காரணம் சொல்லவில்லை. ‘எஸ்தோய்’ என்றால் ‘இருக்கிறேன்’ என்றும், ‘கலியெந்தே’ என்றால் ‘சூடான’ என்றும் அகராதியே சொல்கிறதே, பிறகு தவறு எங்கே?

பதில்: ஆசிரியை கூச்சத்தால் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தம்மைப் பற்றி ‘எஸ்தோய் கலியெந்தே’ என்றால், அவர் காம இச்சையோடு இருப்பதாகவே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படும். அர்ஜென்டினாவில் அதற்குக் ‘கோபமாக இருக்கிறேன்’ என்ற பொருளும் உண்டு. இது நமக்குப் புதிதன்று; ‘அவர் சூடாக இருக்கிறார், இப்போது போகாதே’ என்று நாம் சொல்லும்போதும் அவருடைய உடல் வெப்பத்தைப் பற்றியா பேசுகிறோம்?

நீங்கள் தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோனதுதான் சிக்கலுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெக்கை, பசி, தாகம் ஆகியவற்றை உணர்பவரை எழுவாயாக்கி, அவருக்கு ஒரு பெயரடையைச் சூட்டுவது ஆங்கிலத்தின் வழக்கம். தமிழ் அப்படிச் செய்வதில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில்தான் தொடங்குகிறது. ஸ்பானிய மொழியோ, ‘உடைமை’யைக் குறிக்கும் ‘தெனேர்’ என்னும் வினையை எடுத்து, அதன் தன்மை ஒருமை வடிவமான ‘தெங்கோ’வுடன் உணர்ச்சியின் பெயரைச் சேர்க்கிறது. ‘தெங்கோ கலோர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வெக்கை உடையேன்’ என்று செய்யுள் நடையில் வந்து நிற்கும்.

இந்த ‘தெங்கோ’ தமிழருக்கு அந்நியமானதும் அன்று. ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’, ‘எனக்கு முப்பது வயது’, ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறது’ என்னும் மூன்று வாக்கியங்களிலும் நாம் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறோம். ஸ்பானியர் மூன்றிலும் ‘தெங்கோ’ என்கிறார்கள். ஆகவே ‘எனக்குப் பசி’ என்று மனத்தில் எழும்போது ஆங்கிலத்தை எட்டிப் பார்க்காமல் நேரே ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்று சொல்லிப் பழகுங்கள். குளிருக்குத் ‘தெங்கோ ஃப்ரீயோ’, தாகத்துக்குத் ‘தெங்கோ செத்’, தூக்கம் வருவதற்குத் ‘தெங்கோ சுவேன்யோ’, பயத்துக்குத் ‘தெங்கோ மியெதோ’. எதிரில் இருப்பவரைக் கேட்பதானால், நண்பரிடம் ‘தியெனெஸ் கலோர்?’ என்றும், மரியாதைக்குரியவரிடம் ‘தியெனே உஸ்தெத் கலோர்?’ என்றும் கேட்க வேண்டும். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை அறிந்த நமக்கு இது எளிது.

மிகுதியைச் சொல்லும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘கலோர்’ பெயர்ச்சொல் ஆதலால், பெயரடைக்கு முன் வரும் ‘முய்’ இங்கே பொருந்தாது. ‘தெங்கோ முச்சோ கலோர்’ என்பதே சரி. பெண்பாற் பெயர்களுக்கு ‘முச்சா’ வரும்: ‘தெங்கோ முச்சா செத்’. பசியைக் குறிக்கும் ‘ஆம்ப்ரே’ பெண்பாலாக இருந்தும், அழுத்தமான ‘ஆ’ ஒலியில் தொடங்குவதால் ‘எல்’ என்னும் ஆண்பாற் சுட்டை ஏற்கிறது; ஆனால் ‘முச்சா ஆம்ப்ரே’ என்பதே இலக்கணம். தாய்மொழியாளர்களே தடுமாறும் இடம் என்பதால் நீங்கள் தவறினாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. வெக்கை பொறுக்க முடியாத நாளில் ‘மே முவேரோ தே கலோர்’, அதாவது ‘வெக்கையால் சாகிறேன்’ என்று அவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பசியில் உயிர் போகிறது என்று சொல்லும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் ‘கலியெந்தே’ என்ற சொல்லையே தவிர்த்துவிட வேண்டுமா?

பதில்: தேவையில்லை, பொருள்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்லலாம். தொட்டால் சுடும் சூப்பைப் பற்றி ‘லா சோபா எஸ்தா கலியெந்தே’ என்றால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். காரமான உணவுக்கு மட்டும் ‘பிகாந்தே’ என்ற தனிச்சொல் உண்டு. வானிலையைச் சொல்லும்போது ‘செய்கிறது’ என்னும் பொருளுடைய வினையைக் கொண்டு ‘ஆசே கலோர்’ என்பார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த ‘சே’ நாக்கு நுனி பல்லைத் தொட ‘தே’ போல ஒலிக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உங்களுக்குக் குளிர்காய்ச்சல் என்றால், ‘ஆசே கலோர், பெரோ தெங்கோ ஃப்ரீயோ’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

கேள்வி: தலைவலிக்கும் ‘தெங்கோ’தானா? பாடப்புத்தகத்தில் ‘மே துவெலே லா கபேசா’ என்று இருக்கிறது.

பதில்: இரண்டும் சரி. ‘எனக்குத் தலைவலி’ என்று பெயராகச் சொன்னால் ‘தெங்கோ தோலோர் தே கபேசா’. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று வினையாகச் சொன்னால் ‘மே துவெலே லா கபேசா’. பின்னதில் ‘மே’ என்பது ‘எனக்கு’, ‘துவெலே’ என்பது ‘வலிக்கிறது’, ‘லா கபேசா’ என்பது ‘தலை’. வாக்கியத்தின் எழுவாய் தலையே, வலிப்பது எனக்கு. ஸ்பானிய இலக்கணத்தில் பலரையும் மிரட்டும் இந்த அமைப்பு, தமிழருக்கு வீட்டுத் திண்ணையில் உட்காருவது போன்றது. நாம் ‘எனக்கு என் தலை வலிக்கிறது’ என்று இரட்டிப்பதில்லை அல்லவா? அவர்களும் ‘என்’ என்பதை விட்டுவிட்டு, வெறும் ‘லா’வோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வலிக்கும் உறுப்பு பன்மையானால் வினையும் பன்மையாகும்: ‘மே துவெலென் லோஸ் பியெஸ்’, பாதங்கள் வலிக்கின்றன.

கேள்வி: ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’ என்பதற்குத் ‘தெங்கோ’ போட்டேன், தோழி ‘எஸ்தோய் கன்சாதா’ என்று திருத்தினாள். உங்கள் ‘எனக்கு’ விதி இங்கே பொய்க்கிறதே?

பதில்: பொய்க்கத்தான் செய்கிறது, அது நினைவில் நிற்க உதவும் துணையே அன்றி விதி அன்று. களைப்பு, தலைச்சுற்றல், நோய் ஆகியவற்றுக்கு ஸ்பானிய மொழி பெயரடையை நாடி, ‘எஸ்தோய்’ என்று தொடங்குகிறது. அப்போது பெயரடை பேசுபவரின் பாலுக்கு ஏற்ப மாறும்: ஆண் ‘கன்சாதோ’, ‘மரெயாதோ’, ‘என்ஃபெர்மோ’ என்பார், பெண் ‘கன்சாதா’, ‘மரெயாதா’, ‘என்ஃபெர்மா’ என்பார். ‘தெங்கோ கலோர்’ யார் சொன்னாலும் மாறாது. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

சளி பிடித்திருந்தால் ‘எஸ்தோய் ரெஸ்ஃப்ரியாதோ’, பெண்ணானால் ‘ரெஸ்ஃப்ரியாதா’ என்று சொல்வது நல்லது. ஸ்பெயினில் அதே பொருளில் ‘எஸ்தோய் கொன்ஸ்திபாதோ’ என்றும் கேட்பீர்கள். ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது மலச்சிக்கல் என்று விழும். ஸ்பெயின்காரர் அதற்குச் சொல்வதோ ‘எஸ்த்ரென்யீதோ’. மருந்துக் கடையில் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால், மூக்கடைப்புக்குப் பேதி மருந்தோடு வீடு திரும்ப நேரிடும்.